கணக்குக் கேட்டவர்களும் கையெழுத்துப் போட்டவர்களும்

1

சில வருஷங்களுக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சங்கத்தின் ஆண்டுப் பேரவைக்குப் போயிருந்தேன். தலைவர் உலகமயம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். செயலாளர் போராட்ட அறிக்கை வாசித்தார். மூன்றாவதாகப் பொருளாளர் எழுந்து வரவு செலவு வாசிக்க ஆரம்பித்தபோது டீ வந்துவிட்டது. பாதிப்பேர் வெளியே போய்விட்டார்கள். மீதிப்பேர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சங்கத்திலும் இதுதான் வழக்கம். கணக்கு வாசிப்பது ஒரு சடங்கு. யாரோ ஒருவர் முன்மொழிய, யாரோ ஒருவர் வழிமொழிய, கைதட்டலோடு முடிந்துவிடும்.

அன்றைக்கு முடியவில்லை. துப்புரவுப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்க்கிற ஒரு அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்து கேட்டார்: "ஏம்ப்பா, போன வருஷம் கையிருப்பு நாலாயிரத்து எரநூறுன்னு சொல்லி முடிச்சியே. இப்ப மூவாயிரத்து நூறுல ஆரம்பிக்கிறியே, நடுவுல எங்க போச்சு?" மேடையிலிருந்து ஒருத்தர், "அக்கா, அதெல்லாம் ஆடிட்டருக்குத் தெரியும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. கடைசியில் பொருளாளரே சொன்னார்: ஒரு தொழிலாளி இறந்தபோது சாவுச் செலவுக்கு ஆயிரத்து நூறு கொடுத்திருக்கிறார். ரசீது வாங்கவில்லை, தீர்மானமும் போடவில்லை. அந்தக் குடும்பத்துக்குப் பணம் போனது நிஜம். எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் எழுதவில்லை.

திருடவில்லை, எழுதவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பற்றி நமது அரசியல் வரலாறு அதிகம் யோசித்ததில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. பொருளாளர் என்றால் நல்லவரா கெட்டவரா என்று மட்டும் கேட்கப் பழகியிருக்கிறோம். அந்தப் பதவி எதற்காக, யாரைக் கட்டுப்படுத்த, யாருக்குப் பதில் சொல்ல என்று கேட்பதில்லை.

2

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மாநிலப் பொருளாளரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநர் நியமிக்கிற ஆள் அல்ல. அவருடைய வேலை வரியைத் தீர்மானிப்பதோ திட்டம் போடுவதோ அல்ல. மாநிலத்துக்கு வருகிற பணத்தை வாங்கி வைப்பது, வங்கியில் பத்திரப்படுத்துவது, முதலீடு செய்வது, இன்னொரு அதிகாரி சரிபார்த்து எழுதிய ஆணை வந்தால் மட்டும் பணத்தைக் கொடுப்பது. செலவு செய்யச் சொல்கிறவன் கையில் சாவி இருக்கக் கூடாது, சாவி வைத்திருப்பவன் தானாகச் செலவு செய்யக் கூடாது என்கிற எளிய சந்தேகம்தான் அதன் அடிப்படை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநர்களின் மேல் நம்பிக்கை இழந்த அமெரிக்கர்கள், ஒரே ஆளிடம் எல்லாம் குவிய வேண்டாம் என்று இப்படி ஒவ்வொரு பதவியாகப் பிரித்துத் தேர்தலுக்கு விட்டார்கள்.

அதை லட்சியமாக நான் இங்கே நிறுத்தவில்லை. அங்கேயே அது தேய்ந்து வருகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 1994இல் மார்த்தா வொயிட்ஹெட் என்பவர், தன்னைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பதவியையே ஒழிப்பேன் என்று சொல்லி ஜெயித்து, மறுவருஷம் மக்கள் வாக்கெடுப்பும் அதை ஏற்க, 1996இல் பதவி ஒழிந்தது. மினசோட்டாவிலும் 2003இல் போய்விட்டது. கணினிக் காலத்தில் சாவிக்கென்று தனி ஆள் எதற்கு என்பது அவர்கள் வாதம்.

நம்மிடம் ஒழிப்பதற்கு அப்படியொரு பதவியே இருந்ததில்லை. தமிழ்நாட்டு அரசின் பணம் அரசியல் சாசனத்தின் 266ஆம் பிரிவின்படி தொகுப்பு நிதியில் சேர்கிறது. சட்டமன்றம் சட்டம் போட்டு ஒதுக்காமல் ஒரு பைசா வெளியே போகக் கூடாது. நிதியமைச்சர் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினராக இருக்கலாம். ஆனால் நிதியமைச்சராக அவரைத் தேர்ந்தெடுப்பவர் முதலமைச்சர். பல சமயம் முதல்வரே நிதியமைச்சர். 1937இல் ராஜாஜி, 1967இல் அண்ணாதுரை, பின்னர் கருணாநிதி என்று நிதியைத் தம்மிடமே வைத்துக்கொண்ட முதல்வர்கள் வரிசை உண்டு. செலவு செய்யச் சொல்கிற ஆளும் பெட்டி வைத்திருக்கிற ஆளும் ஒருவரே. கணக்கைத் தணிக்கை செய்பவர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிற தலைமைத் தணிக்கையாளர். அவர் அறிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது பணம் போய் நெடுநாள் ஆகியிருக்கும்.

சாதாரண ஜனங்களுக்குக் கருவூலம் என்றால் என்ன? தாலுகா ஆபீஸ் பக்கத்திலுள்ள சார்நிலைக் கருவூலம். ஓய்வூதியம் வாங்குகிற வயதானவர்கள் வருஷத்துக்கு ஒருதரம் போய், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நேர்காணலில் நிரூபித்துவிட்டு வருகிற இடம். குடிமகன் கருவூலத்திடம் கணக்குக் கேட்கிற இடமல்ல. கருவூலம் குடிமகனிடம் கணக்குக் கேட்கிற இடம்.

இது ஒரு நாளில் வந்ததல்ல. பூந்தமல்லியைச் சுற்றிய இந்தப் பிரதேசம் 1763இல் ஆற்காட்டு நவாப் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரின் பகுதி. கம்பெனியின் ஆட்சி இந்த மண்ணில் வேர்விட்டது வரி வசூலிக்கும் உரிமையாகத்தான். பிறகு வந்த மாவட்ட ஆட்சியாளனுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'கலெக்டர்', அதாவது தண்டல்காரன். தண்டுகிறவனே கஜானாவையும் பார்த்துக்கொண்டான். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இரட்டையாட்சி வந்தபோது, நீதிக்கட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிகளுக்குக் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி கொடுத்தார்கள். நிதியைக் கொடுக்கவில்லை. அது ஒதுக்கப்பட்ட துறையாக, மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத நிர்வாக சபை உறுப்பினர் கையில் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற அதிகாரம் உனக்கு, அதற்குப் பணம் கொடுக்கிற அதிகாரம் எனக்கு. 1937இல்தான் அந்தச் சாவி முதல்முறையாக இந்தியர் கைக்கு வந்தது. ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்து, இழந்த வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரியைப் போட்டார். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டபோது சென்னை ராஜ்யத்தின் நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம். வரி யாரிடம், செலவு யாருக்கு என்ற கேள்விக்கு அந்தத் தீர்மானம் ஒரு பதில் சொன்னது. சாவியை யார் கண்காணிப்பது என்ற கேள்வியை அது தொடவில்லை. சோஷலிசம் பேசியவர்களும் கலெக்டரின் கஜானாவை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

3

'நம்மிடம் இருந்தது, வெள்ளைக்காரன் கெடுத்தான்' என்று சொல்பவர்கள் உடனே உத்திரமேரூரைக் காட்டுவார்கள். காட்டட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தின் இரண்டு கல்வெட்டுகள், 919ஐயும் 921ஐயும் சேர்ந்தவை, ஊர்ச் சபையின் வாரியங்களைக் குடவோலையால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விதிக்கின்றன. ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று வாரியங்கள். பொன் வாரியம் என்பது பொன்னின் மாற்றைப் பார்க்கிற, பணத்தோடு தொடர்புள்ள குழு. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய சித்தி மகன், அத்தை மகன், மாமன், மைத்துனன் என்று நீளமான உறவுப் பட்டியலே தள்ளுபடி. இன்றைய தேர்தல் சட்டத்தில் இதைக் கொண்டுவந்தால் எத்தனை கட்சிகளில் வேட்பாளர் மிஞ்சுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தக் கல்வெட்டின் மறுபாதியையும் படிக்க வேண்டும். ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிரமதேயம். உழுதவன், பறை அடித்தவன், ஏரி வெட்டியவன், பெண் எவருக்கும் ஓலை கிடையாது. ஆக, உலகத்தின் மிகக் கறாரான கணக்குவிதிகளில் ஒன்று, ஒரு சாதிக்குள்ளே, நிலம் உள்ளவர்களுக்குள்ளே இயங்கிய விதி. ஒருவரையொருவர் நம்பாதவர்கள் ஒருவரையொருவர் கட்டுப்படுத்திக்கொண்டார்கள். வெளியே இருந்தவன் கணக்கைக் கேட்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. குடவோலை பற்றிப் பெருமை பேசுகிற மேடைகளில் இந்தப் பாதி மட்டும் சொல்லப்படுவதில்லை.

பொருளாளரின் கேள்வி எண்கணிதக் கேள்வி அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். யார் கையெழுத்து செல்லும் என்பது, யார் மனிதன் என்பதோடு சேர்ந்தே இங்கு தீர்மானமாகிறது.

4

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். பொதுப்பணம் என்கிற ஒன்று அரசுக்கு வெளியே, இயக்கங்களின் கையில் சேர ஆரம்பித்த காலம்.

வ.உ. சிதம்பரம் பிள்ளை சிறையிலிருந்து வந்து, வக்கீல் சன்னதும் போய், சென்னையில் வறுமையில் கிடந்தபோது தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்தார்கள். காந்தி 1915இல் இந்தியாவுக்கு வந்த பிறகும் அந்தப் பணம் வ.உ.சி.க்கு வந்துசேரவில்லை. 1915-16இல் இரண்டு பேருக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தன. கடைசியில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. ஆ.இரா. வேங்கடாசலபதி இதை விரிவாக எழுதியிருக்கிறார். காந்தியை இதில் யாரும் சந்தேகிக்க முடியாது. காலணாவுக்குக்கூடக் கணக்கு எழுதுகிறவர் என்று பெயர் எடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் கையிலிருந்தே பணம் போய்ச்சேர இத்தனை காலமும் இத்தனை கடிதங்களும் தேவைப்பட்டன. யோக்கியதை கணக்குப் புத்தகத்துக்கு மாற்று அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. அம்பத்தூர்ப் பொருளாளரின் ஆயிரத்து நூறு ரூபாயும் இதே ஜாதிதான்.

இரண்டாவது சம்பவம் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி, மற்றவர்களுக்கு வேறு பந்தி என்று தெரிந்ததும், செயலாளராக இருந்த பெரியார் மீதி 5,000ஐத் தர மறுத்தார். ஐயர் பெரியாருக்குத் தெரியாமல் இணைச் செயலாளரிடம் போய்ச் செக்கை வாங்கிக்கொண்டார்.

சேரன்மாதேவியை நாம் பந்தியின் கதையாகவே இதுவரை படித்திருக்கிறோம். சரிதான். ஆனால் அது ஒரு செக்கின் கதையும்கூட. பொதுப்பணத்தை வைத்திருப்பவனுக்கு 'இந்த நிபந்தனை நிறைவேறாமல் தரமாட்டேன்' என்று சொல்கிற அதிகாரம் உண்டா என்பது கேள்வி. உண்டு என்றார் பெரியார். அந்த அதிகாரத்தைச் சுற்றிக்கொண்டு போக இன்னொரு கையெழுத்து கிடைத்தது. தேச விடுதலைக்கென்று எல்லாச் சாதிக்காரனும் போட்ட காசு, எல்லாச் சாதிப் பிள்ளையும் சேர்ந்து உட்காராத பந்திக்குப் போனது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அதற்கு நேரடிக் காரணம். ஆனால் அந்த வெளியேற்றத்துக்குப் பின்னால், மறுக்கப்பட்ட ஒரு கையெழுத்தும் மீறப்பட்ட ஒரு கையெழுத்தும் இருக்கின்றன.

5

கையெழுத்தின் அதிகாரத்தைப் பெரியார் பயன்படுத்தினார். அவர் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்ட கட்சிகளில் பொருளாளர் பதவிக்கு என்ன ஆயிற்று?

பழைய சபைகளின் நோட்டீஸ்களில் 'பொக்கிஷதார்' என்று இருக்கும். திராவிட இயக்கம் அதைப் 'பொருளாளர்' ஆக்கியது. தி.மு.க.வில் அது வெறும் கணக்குப்பிள்ளை வேலையாக இருந்ததில்லை. 1960இல் கருணாநிதி பொருளாளர் ஆனார். அண்ணா இறந்த பிறகு 1969இல் கருணாநிதி தலைவரானபோது எம்.ஜி.ஆர். பொருளாளர் ஆனார். சாவி வைத்திருக்கிற நாற்காலி, தலைமைக்குப் போகிற வழியாகவும் தலைமைக்குச் சமமான ஆளைச் சமாதானப்படுத்துகிற இடமாகவும் ஆகிவிட்டது.

1972 அக்டோபர் 8ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார். அமைச்சர்கள் முதல் கிளைச் செயலாளர்கள் வரை சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். 10ஆம் தேதி தற்காலிக நீக்கம், 14ஆம் தேதி நிரந்தர நீக்கம், 17ஆம் தேதி அண்ணா தி.மு.க. ஒன்பது நாளில் தமிழ்நாட்டின் அடுத்த ஐம்பது வருஷ அரசியல் முடிவாயிற்று. மவுண்ட் – பூந்தமல்லி சாலையை ஒட்டிய ராமாபுரம் தோட்டம் அதற்குப் பிறகு ஒரு அதிகார மையம். இந்தப் பகுதியின் எந்த டீக்கடையிலும் வயதானவர்களைக் கேட்டால் அந்த அக்டோபரைப் பற்றிச் சொல்ல ஒரு கதை வைத்திருப்பார்கள். "தலைவர் கணக்குதானே கேட்டாரு, அதுக்குப் போயி தூக்கிட்டாங்க" என்கிற ஒரு வரியில் அந்தக் கதை முடியும்.

அந்த ஒரு வரியைத்தான் நாம் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பொருளாளர் கணக்குக் கேட்பவரா, கொடுப்பவரா? கட்சியின் வரவு செலவுக்குப் பொறுப்பாளி அவர். பொதுக்குழுவில் அதைச் சமர்ப்பிக்க வேண்டியவர். அவரே மேடையில் நின்று கணக்குக் கேட்டால், ஒன்று, அவருக்குக் கணக்குத் தெரியாது என்று அர்த்தம். அல்லது அவர் கேட்கிற கணக்கு அவருடைய பேரேட்டில் ஏறாத கணக்கு என்று அர்த்தம். இரண்டாவதுதான் உண்மை என்று நினைக்கிறேன். ஆட்சிக்கு வந்த ஒரு கட்சியில் பொருளாளரின் புத்தகத்துக்குள் வருகிற பணம் வேறு, அதற்கு வெளியே ஓடுகிற பணம் வேறு. 1972இல் முதன்முதலாக ஒரு பொருளாளர் இந்த உண்மையை ஜனங்கள் முன்னால் போட்டு உடைத்தார். அந்த அளவில் அது ஒரு ஜனநாயகச் செயல். அவரது நோக்கம் என்ன, டெல்லியின் கை இருந்ததா என்பதெல்லாம் வேறு விவாதம்.

ஆனால் கேள்வி கேட்ட கட்சி பதிலுக்கான அமைப்பைக் கட்டவில்லை. கணக்குக் கேட்பது ஒரு தனிமனிதனின் வீரமாக, சினிமாவில் கடைசி ரீலில் வருகிற கேள்வியாக ஆகிவிட்டது. கேட்ட கேள்வி, கேட்டவரின் பிம்பத்துக்குள் போய்விட்டது. அவர் 1977இல் ஆட்சிக்கு வந்தார். அவர் கட்சியில் பொருளாளரோ கிளைச் செயலாளரோ எழுந்து தலைவரிடம் கணக்குக் கேட்ட காட்சி எதையும் நாம் கண்டதில்லை.

அந்தக் கட்சியின் பொருளாளர் பதவி மறுபடி செய்தியானது 2017 பிப்ரவரியில். ஜெயலலிதா நினைவிடத்தில் தியானம் செய்த அன்றிரவே ஓ. பன்னீர்செல்வத்தைப் பொருளாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். திண்டுக்கல் சீனிவாசன் பொருளாளர் ஆனார். பன்னீர்செல்வமோ வங்கிகளுக்குக் கடிதம் எழுதினார்: நான்தான் பொருளாளர், என் அனுமதியில்லாமல் கட்சிக் கணக்கில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். 1924இல் ஒரு செக், 2017இல் ஒரு கடிதம். ஆனால் இந்த முறை பந்தியும் இல்லை, கொள்கையும் இல்லை. சாவி யார் இடுப்பில் என்பது மட்டுமே பாக்கி.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவு, 2003இல் சேர்க்கப்பட்டபடி, கட்சியின் பொருளாளரோ அதற்கென்று அதிகாரம் பெற்றவரோ 20,000 ரூபாய்க்கு மேல் வந்த நன்கொடைகளின் அறிக்கையை ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும் என்கிறது. கட்சியின் பொருளாளருக்கு நாட்டு மக்களிடம் ஒரு கடமை உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது. 2017இல் தேர்தல் பத்திரங்களுக்காக இதிலும் ஓட்டை போட்டார்கள். பத்திரம் வழியாக வந்த பணத்தை அறிக்கையில் காட்ட வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கொடுத்தவர்களின் பெயரைத் தானாகச் சொன்ன சில கட்சிகளில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சொன்னதில் தெரியவந்தது: தி.மு.க.வுக்குப் பத்திரங்களில் வந்த 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து. லாட்டரி 2003 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட தொழில். பொருளாளரின் புத்தகம் திறந்தால் இப்படிச் சில பக்கங்கள் தெரியும். திறக்கச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது என்பதுதான் வெட்கம்.

6

சரி, தமிழ்நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு ஆள், மக்கள் பணத்தின் செக்கில் தன் கையால் கையெழுத்துப் போடுகிற இடம் எதுவுமே இல்லையா? உண்டு. ஒரே ஒரு இடம். கிராம ஊராட்சி. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சித் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும். இப்போது காகிதச் செக் போய் மின்னணுக் கையொப்பம் வந்திருக்கிறது. விதி அதேதான். முதலமைச்சரிடம் இல்லாத, மேயரிடம் இல்லாத ஒரு அதிகாரம் ஒரு சின்ன ஊரின் தலைவரிடம் இருக்கிறது. அமெரிக்கர்கள் சொல்கிற அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருளாளருக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவுக்காரர் இவர்தான்.

இந்தப் பேனா 1996 தேர்தலில், இடஒதுக்கீட்டின் வழியாக, முதன்முறையாகப் பெருமளவில் தலித்துகள் கைக்கும் பெண்கள் கைக்கும் வந்தது. வந்ததும் என்ன நடந்தது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் பத்து வருஷம் தேர்தலே நடத்த விடவில்லை. மேலவளவில் தலைவர் முருகேசனையும் துணைத்தலைவர் மூக்கனையும் இன்னும் நான்கு பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது பாதிக் காரணம். ஊரின் மீன்குத்தகைப் பணத்துக்கும் ரோட்டுக் காண்ட்ராக்ட்டுக்கும் இவன் கையெழுத்தா என்பது மறுபாதி. கொலை நடக்காத ஊர்களில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். தலைவர் தலித், துணைத்தலைவர் ஆதிக்க சாதி. துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் போதும், தெருவிளக்குப் பல்புகூட வாங்க முடியாது. இந்தத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 15 அன்று தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்து, சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். கொடி ஏற்ற விடாதவன் செக்கில் கையெழுத்து மட்டும் போட விடுவானா?

இரட்டைக் கையெழுத்து என்பது நல்ல விதி. ஒருவரையொருவர் கண்காணிக்கத்தான் அது. உத்திரமேரூரின் சந்தேகம்தான் அதிலும் இருக்கிறது. ஆனால் சமமற்ற இரண்டு பேருக்கு நடுவில் அதே விதி கண்காணிப்பாக இயங்குவதில்லை, கழுத்துக் கயிறாக இயங்குகிறது. சேரன்மாதேவியில் இரண்டாவது கையெழுத்து முதலாவதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஊராட்சியில் இரண்டாவது கையெழுத்து முதலாவதை முடக்குகிறது. இரண்டு சமயத்திலும் எந்தப் பக்கம் ஜெயித்தது என்று பார்த்தால் சாதி தெரியும்.

இதைச் சொன்னதும் சிலர், 'அதனாலதான் அதிகாரிகிட்ட கொடுத்துடணும்' என்பார்கள். மேற்குப் புறநகரின் நாற்பது வருஷ வரலாறு அந்தத் திசையில்தான் போகிறது. நொளம்பூர், காரம்பாக்கம், நெற்குன்றம், ராமாபுரம் 2011 வரை கிராம ஊராட்சிகள். அந்த வருஷம் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் போயின. ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. ஊர் பெரிதாகப் பெரிதாக, வீட்டுமனை விலை ஏற ஏற, செக்கில் கையெழுத்திடுகிற கை ஜனங்களிடமிருந்து விலகிப் போகிறது. பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியில் ஆணையர், மாநகராட்சியிலும் ஆணையர். மாமன்றத்தில் வரிவிதிப்பு மற்றும் நிதிக்குழு உண்டு, விவாதம் உண்டு. பேனா இல்லை. 2022இல் ஆவடி மேயர் பதவி பட்டியல் சாதியினருக்கும், சென்னை, தாம்பரம் மேயர் பதவிகள் பட்டியல் சாதிப் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டன. நல்லதே. ஆனால் அந்த நாற்காலிக்கு எதிரே இருக்கிற மேசையில் கணக்குப் புத்தகம் இல்லை.

அதிகாரியிடம் போனால் பணம் பத்திரமா? 1973இல் சென்னை மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கு வராதவர்கள் பெயரில் கூலி எழுதிய விவகாரம். மன்றத்தையே கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல். தவறு செய்தவர்கள் சிலர். தண்டனை இருபத்து மூன்று வருஷம் ஒரு நகரத்து வாக்காளர்கள் எல்லோருக்கும். அந்தக் காலம் முழுக்க அதிகாரிகள் ஆண்டார்கள். ஊழல் ஒழிந்துவிட்டது என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. 2016இலிருந்து 2019 கடைசிவரை கிராம ஊராட்சிகளிலும், 2022 வரை நகரங்களிலும் மறுபடி தனி அலுவலர்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகளில் மீண்டும் தனி அலுவலர்கள்.

உத்திரமேரூர் சபை கணக்குக் காட்டாதவனை விலக்கியது, தேர்தலை விலக்கவில்லை. நவீன அரசு கணக்கு தப்பினால் தேர்தலையே விலக்குகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய நிலவுடைமைப் பிராமணர்களிடமிருந்து நாம் எதையாவது கற்றுக்கொள்ள வேண்டுமானால் இந்த ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளலாம். அவர்கள் ஓலை கொடுக்காதவர்களுக்கெல்லாம் ஓலை கொடுத்துவிட்டு.

7

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. மாநிலத்துக்கு ஒரு பொருளாளரை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் கட்சிகள் அதையும் ஒரு வாரிசுக்குக் கொடுத்துவிடும். இயக்கக்காரர்களான நாம் நம்முடைய கூட்டங்களில் முதலில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

1920இல் பக்கிங்ஹாம் – கர்நாட்டிக் ஆலைத் தகராறில் சென்னை உயர் நீதிமன்றம் வாடியா மேலும் தொழிலாளர் சங்கத்தின் மேலும் தடையாணை போட்டது. அந்தத் தகராறின் விளைவாகக் கிளம்பிய கோரிக்கையில்தான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதில் ஒரு சின்னப் பிரிவு இருந்தது: சங்கத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடச் சங்க உறுப்பினர் எவருக்கும் உரிமை இருந்தது. தலைவருக்கல்ல, ஆடிட்டருக்கல்ல, உறுப்பினர் எவருக்கும். இந்த உரிமையை நாம் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம்? கேட்டால் தோழரைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்று கூச்சம். சந்தேகம் வேறு, கணக்கு வேறு என்பதை நாம் கற்றுக்கொள்ளவில்லை. கேள்வி கேட்டால் ஒன்று துரோகி, இல்லாவிட்டால் புரட்சித் தலைவர். நடுவில் ஒரு சாதாரண உறுப்பினருக்கு இடமில்லை. 1972 நமக்குக் கொடுத்துவிட்டுப் போன வியாதி இது.

ஆவடிப் பக்கத்துத் தெருக்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடுகிற மதியங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். நோட்டைத் தரையில் விரித்து வைத்து, போன வாரம் எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவு என்று சத்தமாகப் படிக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் கூட்டிப் பார்த்துவிட்டு, "இல்லியே, எம்பேருல அம்பது கொறயுதே" என்கிறாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வங்கிக் கடனும் வட்டியும் அவர்களைப் பிடித்திருக்கிற பிடி வேறு கதை, அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆனால் கணக்குக் கேட்பது சண்டையாக மாறாமல் நடக்கிற ஒரு கூட்டத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

அம்பத்தூரில் எழுந்து கேட்ட அந்த அம்மாவும் அப்படியொரு குழுவில் நோட்டு எழுதுகிறவர்தான் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குப் பொருளாளர் சாவுச் செலவைச் சொன்னதும் கூட்டம் சமாதானமாகி, "போதும்க்கா, உக்காருங்க" என்றது. அவர் சொன்னார்: "குடுத்தது தப்புன்னு நான் சொல்லலப்பா. எழுதிட்டுக் குடுன்னுதான் சொல்றேன். நாளைக்கு நீ இல்லாம வேற எவனாவது அந்த எடத்துல உக்காருவான்ல?"